செருப்புக் காவலுக்கு லீவு

கொழும்பு முகத்துவாரத்தில் எங்கள் காலத்தில் என்னைப் போல நீந்தின ஆள் ஒருவரும் இல்லை. பாறையிலிருந்து பாய்ந்தேன் என்றால், துறைமுகத்துக்கு வெளியே நிற்கிற கப்பலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தலை காய முதல் வீட்டுக்கு வந்து பாணும் சம்பலும் தின்பேன்.

முழுப் பொய். எனக்கு நீந்தத் தெரியாது. குளிக்கும்போது வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினாலே கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிடுகிற ஆள் நான்.

ஆனால் இந்தப் பொய்யை எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் கிழமைக்கு ஒருதரம் சொல்லிச் சொல்லி நான்தான் நம்ப வைத்திருந்தேன். அதுதான் அந்தச் சனிக்கிழமை நீர்கொழும்புக் கடற்கரையில் என் கழுத்தைப் பிடித்தது.

வெயில் ஏறுகிற நேரம். தென்னைக்குக் கீழே, சீமெந்துப் பாதை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில், தவம் தன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். இரண்டு கைப்பிடியிலும் எங்கள் பைகள் தொங்குகின்றன. மடியில் சோற்றுப் பார்சல் கூடை. காலடியில் எங்கள் எல்லாருடைய செருப்பும். நாங்கள் காற்சட்டையை மடித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடலுக்கு ஓடத் தயார்.

அப்போது தவம் ஒரு பையைக் கழற்றி மணலில் வைத்தான். பிறகு இன்னொன்று. பிறகு கூடை.

“என்ன தவம், பாரமா இருக்கா?” என்று எங்கள் பொறுப்பாளர் ரெஜினா மிஸ் கேட்டார்.

“இல்லை மிஸ். எனக்கு இண்டைக்கு லீவு.”

“என்ன லீவு?”

“செருப்புக் காவல்ல இருந்து லீவு. இண்டைக்கு நானும் கடலுக்க இறங்கப் போறன். ஏலாது எண்டா சொல்லுங்கோ, அடுத்த மாசத்தில இருந்து நான் வரேல்ல. வீட்டில இருந்து கிரிக்கெட் பாக்கிறன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தவம் கத்தினால் எங்களுக்குப் பயமில்லை; யாராவது கட்ச் விட்டாலே டீவியைப் பார்த்துக் கத்துகிறவன் அவன். சிரித்தான் என்றால் முடிவு எடுத்துவிட்டான் என்று அர்த்தம்.

எங்கள் வீடு

போன கிழமை இதே பக்கத்தில், நான் மா மூட்டையோடு கப்பல் பலகையில் வழுக்கின கதையை வாசிக்காதவர்களுக்கு ஒரு சொல். நான் செபஸ்தியான். செபா என்றால் போதும். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொல் கேளாமல் போன பிறகு, வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற இந்த வீட்டில் இருக்கிறேன்.

இது ஆஸ்பத்திரி இல்லை, மடமும் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு அறை. முடிந்ததை நாங்களே செய்கிறோம், முடியாததற்குக் கை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குச் சட்டைப் பொத்தான் போட ஆள் வேண்டும். என் வாயை மூடத்தான் ஆள் வேண்டும் என்கிறார் பவானி அக்கா.

பவானி அக்காவும் இங்கே இருக்கிறவர்தான். யாழ்ப்பாணத்து ஆள், கந்தோரில் டைப்பிஸ்டாக வேலை செய்தவர். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் அவர். நான் சொல்வதில் பாதியைக் கூடாத வார்த்தை என்று வெட்டிவிடுவார். மிச்சப் பாதியைத் திருத்திவிடுவார். என் தமிழ் இவ்வளவு சுத்தமாக இருக்கிற காரணம் அதுதான். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நாலாம் வகுப்போடு சரிவரவில்லை, பிரிந்துவிட்டோம்.

ரெஜினா மிஸ் கொட்டாஞ்சேனைக்காரி. நல்ல மனுசி. எங்களில் யாருக்காவது ஒரு கீறல் விழுந்தாலும் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் வான் வெளிக்கிட்டதில் இருந்து திரும்பி வரும்வரை எங்களை எண்ணிக்கொண்டே இருப்பார், கோழிக்குஞ்சுகளை எண்ணுகிற மாதிரி.

தவம் வன்னிப் பக்கம். முதுகில் பட்ட ஒரு சின்ன ஷெல் துண்டு அவன் கால்களை நிறுத்திவிட்டது. அப்போது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றி அவன் கதைப்பதில்லை, நானும் இங்கே கதைக்கப் போவதில்லை. இப்போது எங்கள் முன்னறையில் இருந்து கைபேசி திருத்துகிறான். ஒழுங்கையில் பாதிப் பேருடைய ரகசியம் அவன் கையில். ஒன்றையும் வெளியே விட மாட்டான். அவனிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.

மஞ்சள் தொப்பி போட்ட குமார்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. வெளியே போனால் எல்லாரும் சோடி சோடியாகத்தான். வடை வாங்கப் போனாலும் சோடி. கக்கூசுக்குப் போனாலும் சோடி வாசலில் நிற்க வேண்டும்.

“உங்க சோடி எங்கயோ, நீங்களும் அங்க!” வானில் ஏறினதும் செபம் சொல்லி முடித்த கையோடு ரெஜினா மிஸ் இதையும் சொல்லுவார். நாங்கள் ஆமென் என்போம். எங்களில் பாதிப் பேர் சைவம், அவர்களும் ஆமென் என்பார்கள்.

இந்தச் சட்டம் பிறந்தது குமாரால். ஆறடி உயரம், அதிகம் கதைக்க மாட்டான், யார் சிரித்துக் கூப்பிட்டாலும் அவர்களோடு போய்விடுவான். ஒருமுறை விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் போயிருந்தோம். திரும்பும்போது எண்ணினால் ஒரு தலை குறைகிறது. ரெஜினா மிஸ் அந்தோனியாருக்கு நேர்ந்தார். பவானி அக்கா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார். நான் ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் விடப் பெரிதாகச் சத்தம் போட்டேன்.

கடைசியில் பார்த்தால், பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஸ்ஸில், பின் சீற்றில், மஞ்சள் தொப்பியோடும் தின்னக் கொடுத்த இரண்டு பனிஸோடும் குமார் இருக்கிறான். பிள்ளைகள் பாட இவன் கை தட்டுகிறான்.

அந்த டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, இவர் யாரோ ஒரு பிள்ளையோட அப்பா எண்டுதான் நாங்க நினைச்சம். விளையாட்டுக்கெல்லாம் வந்தார். பரிசும் எடுத்தார்.”

பரிசு ஒரு தண்ணீர்ப் போத்தல். இன்றைக்கும் குமார் அதில்தான் குடிக்கிறான்.

அன்றிலிருந்து குமாருக்குப் பவானி அக்கா சோடி. எனக்குத் தவம். அவனுக்குக் கால் இரண்டும் ஓடாது, எனக்கு ஒரு பக்கம் ஓடாது. இரண்டு பேரையும் கூட்டினால் ஒரு முழு ஆளும் கொஞ்சம் மிச்சமும் வரும். மிச்சம் என் வாய்.

“மேக்க கீயத?”

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் வெளியே போகிற நாள். வெள்ளவத்தைக் கடல் எங்கள் ஒழுங்கை முடிவிலேயே இருக்கிறது. ஆனால் நடுவில் தண்டவாளம், அதற்கு அந்தப் பக்கம் கருங்கல். சக்கரம் போகாது. அதனால்தான் வான் பிடித்து நீர்கொழும்புக்குப் போவோம்.

அங்கே தவத்துக்குச் செருப்புக் காவல் வேலையை யார் கொடுத்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. முதல் தடவை நாற்காலி மணலில் புதைந்தது. அவன் நிழலிலேயே இருந்துவிட்டான். யாரோ செருப்பைக் கழற்றி, “தவம், இதை ஒருக்காப் பாத்துக்கொள்” என்றார்கள். அடுத்த மாதம் எல்லாரும் கேளாமலே கழற்றி வைத்தோம். பிறகு பை, கண்ணாடி, கைபேசி. பவானி அக்கா தன் கட்டுப்பல்லையே ஒரு டப்பாவில் போட்டு அவனிடம் கொடுப்பார், அலை அடித்துக்கொண்டு போய்விடுமாம். (இந்த வரியை வெட்ட மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கின பிறகுதான் சொன்னேன்.)

இந்த லீவுக்கு முந்தின மாதம் ஒரு குடும்பம் அந்த வழியால் வந்தது. தகப்பன் குனிந்து, பவானி அக்காவின் நீலச் செருப்பை எடுத்துப் புரட்டிப் பார்த்து, தவத்திடம் சிங்களத்தில் கேட்டார்: “மேக்க கீயத, மல்லி?”

இது என்ன விலை, தம்பி என்கிறார். தவத்தைச் செருப்பு வியாபாரி என்று நினைத்துவிட்டார்.

வானில் திரும்பும்போது அதுதான் பகிடி. எல்லாரையும் விடக் கூடச் சிரித்தது நான்தான். “டேய், வித்திருந்தா எல்லாரும் கொத்து ரொட்டி சாப்பிட்டிருக்கலாம்டா” என்று வெள்ளவத்தை வரைக்கும் அதையே இழுத்தேன்.

தவமும் சிரித்தான். அவன் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

தவம் பேசின சட்டம்

சரி, திரும்பவும் தென்னை மரத்தடிக்கு வாருங்கள்.

“தவம், ஆசைக்கா நான் ஏலாதுன்னு சொல்றேன்?” என்றார் ரெஜினா மிஸ். “நீங்க கவிழ்ந்தா யாரு தூக்குறது? மேல கேட்டா நான் என்னத்தச் சொல்றது?”

“சரி மிஸ். சோடி எங்க போனாலும் மற்ற ஆளும் போக வேணும். அதுதானே எங்கட சட்டம்?”

“அதுதான்.”

“என்ர சோடி செபா அண்ணை. கப்பலைச் சுத்தி நீந்தின மனுசன். அவர் இண்டைக்கு நீந்தப் போறார். அப்ப நான் இஞ்ச இருக்கேலாது.”

“இவ்வளவு நாளும் இருந்தீங்கதானே?”

“ஓம் மிஸ். வடை வாங்கப் போனாலும் சோடி வேணும் எண்டு எல்லாரையும் பேசுவியள். கடலுக்குப் போகேக்க எல்லாற்ற சோடியும் அவையளோட போகும். என்ர சோடி என்னை விட்டிட்டுப் போவார். ஒருநாளும் நீங்கள் அதைக் கேக்கேல்ல. என்னைச் செருப்போட சேத்து எண்ணிப்போட்டியள் போல.”

எங்களை இவ்வளவு காலமாக எண்ணிக்கொண்டு வருகிற ரெஜினா மிஸ், செருப்புக் குவியலைப் பார்த்தார். பிறகு தவத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“செபா, நீங்க நீந்தப் போறீங்களா?”

இல்லை என்று சொன்னால் என் மானம் போகும். அது பெரிய விஷயம் இல்லை, போய்ப் போய்ப் பழகினதுதான். ஆனால் நான் போகாவிட்டால் சட்டம் தவத்தின் பக்கம் நிற்காது. அவன் மறுபடி செருப்போடு. அடுத்த மாதம் அதுவும் இல்லை.

முகத்துவாரத்தில் பிறந்தவனுக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். சின்ன வயதில் மாமா ஒருதரம் என்னைத் தோணியில் ஏற்றினார். தோணி கரையை விட்டு அசைந்ததும் நான் வைத்த சத்தத்தில், யாரோ செத்துவிட்டார்கள் என்று பெண்கள் எல்லாம் தலையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அன்றோடு எனக்கும் கடலுக்கும் பேச்சு இல்லை. நீர்கொழும்பிலும் நுரை நகத்தைத் தொடுகிற இடத்தில் நின்று, இன்றைக்குத் தண்ணீர் ஆழம் எனக்குக் காணாது என்று சொல்லித்தான் சமாளித்து வந்தேன்.

“ஓம் மிஸ்” என்றேன். “இண்டைக்குக் கொஞ்சம் தூரமாவே போகலாம்னு இருக்கேன்.”

ரெஜினா மிஸ் சிலுவை போட்டார். கைப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

“முழங்காலுக்கு மேல ஒரு அங்குலம் போகக் கூடாது. குமார், வாங்க. நிஹால் அய்யே, நீங்களும் வாங்க!”

வானுக்குள் நித்திரை கொண்டிருந்த சாரதி நிஹால் அய்யே எழும்பி ஓடி வந்தார், யாரோ கடலில் தாண்டுவிட்டார்கள் என்று நினைத்து.

பின்பக்கமாகக் கடலுக்கு

தள்ளினோம். நாற்காலியின் முன் சக்கரம் இரண்டும் மணலுக்குள் போய்விட்டன. இன்னும் தள்ளினோம். இன்னும் போயின. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னோம். நான்தான் கூடுதலாகச் சொன்னேன். அதில் ஒன்றும் சரிவரவில்லை.

குமாருக்குப் பொறுமை போய்விட்டது. பின்னால் நின்று இரண்டு கைப்பிடியையும் பிடித்து, சாய்த்து, தன் பக்கமாக ஒரே இழுவை. நாற்காலி பிள்ளை மாதிரி அவனோடு போனது. போன திசைதான் பிழை. வானைப் பார்த்துப் போகிறான்.

“குமார்! குமார்! மற்றப் பக்கம்!”

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நாற்காலியைத் திருப்பி, தவத்தின் முதுகைக் கடலுக்குக் காட்டி, பின்பக்கமாக இழுத்தோம். சின்னச் சக்கரம் அந்தரத்தில், பெரிய சக்கரம் மணலில். குமார் போனால் பவானி அக்காவும் போக வேண்டும், சட்டம். ஒருவர் போனால் அவர் சோடியும் போக வேண்டும். அப்படியே முழு வீடும் கடலுக்கு நடந்தது.

தவம் கடலைப் பார்க்காமலே கடலுக்குப் போனான். அவன் பார்த்துக்கொண்டு போனது, தென்னையடியில் தனியாகக் கிடந்து சின்னதாகிக்கொண்டு போகிற எங்கள் செருப்புக் குவியலை.

முதல் அலை அவன் முதுகில் அடித்தது. தவம் ஒரு வார்த்தை சொன்னான். பவானி அக்கா அதை எழுத மறுக்கிறார்.

பிறகு நாற்காலியைத் திருப்பினோம். அவனுக்குக் காலில் தண்ணீர் பட்டது தெரியாது. குனிந்து கையை விட்டு அளைந்தான். அலை வந்தது, போனது. போகும்போது சக்கரத்துக்குக் கீழே மணலை அரித்துக்கொண்டு போனது. நாற்காலி ஒரு ஆட்டம் ஆடியது.

“இழுக்குது” என்றான் தவம். “அண்ணை, கடல் இழுக்குது. முதுகில தெரியுது.”

பிறகு, “எல்லாரும் ஒருக்கா விடுங்கோ” என்றான்.

“ஏலாது!” என்றார் ரெஜினா மிஸ்.

“ஒரு அலைக்கு மிஸ். ஒண்டே ஒண்டுக்கு.”

ரெஜினா மிஸ் கையை எடுத்தார். குமார் எடுத்தான். நிஹால் அய்யே எடுத்தார். அலை வந்து அவன் நெஞ்சு வரைக்கும் தெறித்து, அவனைச் சுற்றி வெள்ளையாக நுரைத்து, திரும்பிப் போனது. நாற்காலி அசைந்து, நின்றது. தவம் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஆட்டத்தை வென்று கொடுத்த துடுப்பாட்டக்காரன் மாதிரி இருந்தான்.

நான் மட்டும் கையை எடுக்கவில்லை. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவனுக்காக இல்லை.

“அண்ணை, நீங்கள் என்னைப் பிடிச்சிருக்கிறியளா, என்ர கதிரையைப் பிடிச்சுத் தப்பி நிக்கிறியளா?”

“சும்மா இருடா. நீந்துறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் இப்படி நிக்க வேணும்.”

“எனக்குத் தெரியும் அண்ணை. நீங்கள் குளிக்கேக்க மாதாவைக் கூப்பிடுறது என்ர அறைக்குக் கேக்கும்.”

“தெரிஞ்சுகொண்டேயாடா என்னை மாட்டிவிட்ட?”

“எங்க செபா, நீந்துங்க பாப்பம்!” ரெஜினா மிஸ் அந்தப் பக்கத்தில் இருந்து கூப்பிட்டார்.

“பய வென்ட எப்பா, அய்யே!” பயப்படாதே அண்ணே என்கிறார் நிஹால் அய்யே. அவருக்கும் தெரியும் போல.

நான் ஒரு பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போது பெரிய அலை ஒன்று வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் நான் தவத்தின் மடியில் இருக்கிறேன். சரியாகச் சோற்றுக் கூடை இருந்த இடத்தில். அவன் கழுத்தை என் நல்ல கையால் கட்டிப்பிடித்திருக்கிறேன்.

“பாருங்கோ மிஸ்,” என்றான் தவம், “வேலையை விட்டும் பாரம் குறையேல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். பவானி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பல்லைக் காவல் வைக்க ஆள் இல்லாததால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கடலில் நின்றார். என்னோடு பழகின காலத்தில் அவர் என்னைத் திருத்தாமல் விட்ட நேரம் அது ஒன்றுதான்.

வெறுங்கால்

கரையைப் பார்த்துக் கை நீட்டினது குமார்தான்.

தென்னையடியில் காகங்களுக்குக் கலியாணச் சாப்பாடு. சோற்றுப் பார்சல் ஒன்றையும் மிச்சம் விடவில்லை. இரண்டு நாய்கள் பவானி அக்காவின் நீலச் செருப்பை ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கின்றன. இன்னொன்று என் செருப்போடு ஹோட்டல் பக்கமாகப் போகிறது, நடையைப் பார்த்தால் விலைக்கு வாங்கின மாதிரி. மிச்சச் செருப்புகள் போன இடம் தெரியவில்லை, பைகள் மட்டும் தப்பிக் கிடந்தன.

மத்தியானம் இறால் வடையும் அன்னாசியும் தின்றோம். மணல் கொதித்தது. வானுக்குப் போகிற வழி முழுக்க எல்லாரும் துள்ளித் துள்ளிப் போனோம். தவம் மட்டும் காலில் கழற்றாத செருப்போடு, குமார் இழுக்க, ராசா மாதிரி வந்தான்.

வானில் ரெஜினா மிஸ் எங்களை எண்ணினார். சேலை முழங்காலுக்குக் கீழே நனைந்து, மணல் ஒட்டி, கைப்பையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எல்லாருடைய மனசிலும் இருந்த கேள்வி ஒன்றுதான். தவத்துக்குக் கிடைத்தது ஒருநாள் லீவா, இல்லை அந்த வேலையே போய்விட்டதா? மேலிடம் ஒரு சொல் சொன்னால், அடுத்த மாதம் அவன் திரும்பவும் தென்னையடியில். அவனைத் தெரிந்த எங்களுக்குத் தெரியும், அவன் வரவே மாட்டான்.

தவம் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு, நாக்கால் உதட்டில் இருந்த உப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

களனிப் பாலத்தில் வான் ஏறும்போது ரெஜினா மிஸ்ஸின் கைபேசி அடித்தது. மேலிடத்துச் சேர். ஈரக் கையால் எதையோ அமத்தினதில் அவர் குரல் வான் முழுக்கக் கேட்கிறது. “எப்படி மிஸ் பயணம்? ஒரு பிரச்சினையும் இல்லையே?”

ரெஜினா மிஸ் திரும்பி எங்கள் வெறுங்கால்களைப் பார்த்தார். தவத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, “சேர், இண்டைக்கு...” என்று தொடங்கி...

இருங்கள், வாசலுக்குத் தவம் வந்துவிட்டான்.

“செபா அண்ணை, கதை அளந்தது காணும், வாங்கோ. பவானி அக்கா, நீங்களும். மிஸ் எல்லாரையும் முன்னறைக்கு வரட்டாம். சனிக்கிழமைக்கு ஆர் செருப்புக்கு நிக்கிறது எண்டு சீட்டுக் குலுக்கப் போறா.”

“யாரு யாரு பேரு போட்டிருக்கா?”

“எல்லாற்றையும். உங்கட, அக்காட, நிஹால் அய்யேட. மிஸ்ஸின்ரயும் கிடக்கு.”

“உன்ட பேரு?”

“என்ரயும் கிடக்கு. எல்லாருக்கும் போல ஒண்டு. கெதியா எழும்புங்கோ அண்ணை, குலுக்கத் தொடங்கிட்டா.”